யாருக்கும் கொடுக்காத கைப்பிடி அரிசி

எங்கள் சென்னை வீட்டுச் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா இருக்கிறது. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டுவிடுவேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கை தன்னால் செய்கிற வேலை அது. 2018-ல் ஒரு மழைநாளில் மூடி இறுகிப் போய், கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே வண்டு. விளிம்பு வழியாக வரிசையாக ஏறி வந்தது. அடியில் இருந்த அரிசி நூல் கட்டி, விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. எத்தனை மாத அரிசி என்று எனக்கே கணக்கில்லை.

கொட்டப் போனவள் கொட்டாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனசு நின்றிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாத்தான்குளம் தாண்டித் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். நாங்கள் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில்தான். பாதிரியார் எங்களுக்கு ஐயர். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது அந்த ஊர்ப் பெண்களின் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவார்கள். விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். காணிக்கைப் பையில் போடக் காசு இல்லாத வீட்டிலும் ஒரு பிடி அரிசி இருக்கும். மிசோரத்துச் சபைகளிலும் இதே வழக்கம் 1910 முதல் இருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அங்கே அதன் பெயர் பூஃபாய் தாம். மலையில் இருக்கிற அந்தப் பெண்களும் தேரிக்காட்டில் இருக்கிற எங்கள் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

அம்மா மண்பானையில் சேர்ப்பாள். சின்ன வயசில் ஒருநாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நானே அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டேன். அம்மா வந்து பானையை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அவருக்கு எடுத்தியா?" என்றாள். அந்த 'அவர்' இயேசு. அப்பாவைச் சொல்வது போலவே சொல்வாள். எடுக்கவில்லை என்றதும், களையாத அரிசியில் ரெண்டு பிடி எடுத்துப் போட்டாள். திட்டவில்லை.

வண்டு வந்த அன்றைக்கு என் கணவர் நல்ல யோசனைதான் சொன்னார்: இனிமேல் மாதம் ஒருமுறை கீழே வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிடலாமே? கொடுத்தேன். கொடுக்கவும் வேண்டும். ஆனால் அது வேறு காரியம். வாட்ச்மேன் அண்ணனுக்குக் கொடுத்தால் அது நான் கொடுத்த அரிசி. அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நான் பதிலுக்குச் சிரிப்பேன். ஊர்க் கோயிலில் அந்தச் சாக்கு நிறைந்திருப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். புழுங்கலரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி, கல்யாண வீட்டில் மிஞ்சின பொன்னி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். கொட்டின மறுநிமிஷம் எது யாருடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டீச்சர் வீட்டு அரிசியும் பீடி சுற்றுகிற அக்கா வீட்டு அரிசியும் ஒன்றாகிவிடும்.

நான் ஏன் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2015 ஆகஸ்டில் என் சித்தப்பா சென்னையில் இறந்தார். அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், கடைசி நாலு வருஷம் பக்கவாதத்தில் படுக்கை. காலையில் உயிர் பிரிந்தது. அடக்கத்துக்கு நேரம் கேட்கச் சபை ஆபீசுக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "நாலு வருஷச் சந்தா பாக்கி இருக்கு. கட்டிட்டா ஐயர்கிட்ட சொல்லிடலாம்." சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் கட்டினேன். பெரிய தொகை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. கார்பன் தாளைச் சரியாக மடித்து வைத்து, 2011, 2012, 2013, 2014 என்று வருஷத்துக்கு ஒரு ரசீதாக நாலு ரசீது எழுதினார். ஒவ்வொன்றையும் கிழிப்பதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து அழுத்தினார். நாலாவது ரசீது சித்தி கைக்கு வந்த பிறகுதான் ஐயருக்குப் போன் போனது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. விதியில் உள்ளதைச் செய்தார். ஆனால் படுக்கையில் கிடந்த அந்த நாலு வருஷமும் ராத்திரி எட்டு மணிக்கு, குழறுகிற நாக்கோடு, சங்கீதம் சொல்லிக் குடும்ப ஜெபம் நடத்தியவர் சித்தப்பா. அந்த நாலு வருஷமும் சபையின் புத்தகத்தில் 'பாக்கி' என்று இருந்தது. மாலை அடக்க ஆராதனையில் ஐயர் நன்றாகத்தான் பேசினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை.

அதற்குப் பிறகான ஆறரை வருஷத்தைப் 'பின்மாற்றம்' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவனை நான் விடவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வேதம் வாசித்தேன். மத்தேயு 6:6 அப்போது என் வசனமாக இருந்தது. உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி, அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி ஜெபம் பண்ணு என்பது. கோயிலில் இருந்த நாட்களில் வாசிக்காத தீர்க்கதரிசிகளையெல்லாம் அப்போதுதான் வரிசையாக வாசித்தேன். ஆமோஸ் எனக்குத் துணை. உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன் என்று தேவனே சொல்கிறார் என்றால், கோபப்பட எனக்கும் இடம் உண்டு என்று ஆறுதலாக இருந்தது. சபையால் காயப்பட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் ஜெபம் இரண்டாம் தரம் இல்லை. நான் அங்கே இருந்திருக்கிறேன், அவர் அங்கே வந்தார்.

இன்னொரு வகையான ஆட்களையும் அந்த வருஷங்களில்தான் கவனித்தேன். எங்கள் அடுக்குமாடியில் வேலை செய்கிற ஒரு பெண் நெற்றியில் பொட்டு வைத்திருப்பாள், ஆடிக்குக் கூழ் ஊற்றுவாள். அவள் வீட்டில் எவர்சில்வர் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு இயேசு படம். "அக்கா, நான் மனசுல அவர்ட்டதான் பேசுவேன். அவரு வெளிய சொல்லச் சொல்லல" என்றாள். சென்னையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இப்படி ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் ஏராளம். சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் இவர்களைத் தேடித் தேடிப் பேசிப் பதிவு செய்தார். அவர்களுடைய காரணங்களைக் கேட்டால் யாரும் லேசாகப் பேச மாட்டார்கள். ஒருத்திக்கு மாமியார் வீடு. இன்னொருவருக்குச் சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகப் பதிவான தலித் ஒருவர் பட்டியல் சாதியில் வர முடியாது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் அந்தத் தடை நீங்கியது. கிறிஸ்தவர்களுக்கு நீங்கவில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பறிகொடுத்துத்தான் சபைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்றால், எழுதாதவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த இடத்தில் எங்கள் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தையே சொல்லியாக வேண்டும். ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டபோது அதன் கனம் எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருத்தி, ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவருடன் பாளையங்கோட்டைக்கு வந்தாள். அவரிடமிருந்துதான் கிறிஸ்துவைப் பற்றித் தெரிந்துகொண்டாள். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டாள். திருமணமாகாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறாள் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. குளோரிந்தா என்று பெயர் பெற்றாள். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். 1785-ல் அவள் முயற்சியில் எழுந்த கோயில்தான் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று நிற்கிறது.

சபை வேண்டாம் என்று சொன்ன காலத்தில் அவள் என்ன செய்தாள்? விசுவாசித்தாள். ஜெபித்தாள். அவளுடைய விசுவாசம் 1778-ல் பிறக்கவில்லை. அதை நான் பால்கனியில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த நினைப்பு பாதியில் வந்து முட்டி நிற்கும். வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டவள், உள்ளே விட்ட பிறகு எழுப்பியது மற்றவர்கள் கூடி உட்கார ஒரு கூரை. அதை ஏன் செய்தாள்? தனியாக ஜெபிக்க அவளுக்கு நன்றாகவே தெரியுமே.

எங்கள் பக்கத்தில் சண்டை போட்டு வெளியேறினவர்களும் உண்டு. நாசரேத்துக்கு அடுத்த பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளோடு மோதி, 1857-ல் தனியே பிரிந்தார். வெள்ளைக்காரர் அதிகாரம் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்றார். அவரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. இந்து கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஒரு சபையைத்தான் கட்டினார்.

சபையே வேண்டாம் என்று வாதாடியவர்கள் சென்னையில் இருந்தார்கள், அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதையொட்டி, கிறிஸ்தவச் சிந்தனையாளர்களான செஞ்சையாவும் சக்கரைச் செட்டியாரும் அவர்கள் தோழர்களும் துணிந்து பேசினார்கள். இயேசு கொண்டுவந்தது ஒரு புதுப் படைப்பு, மேற்கிலிருந்து கப்பலேறி வந்த சபை அமைப்பை அதோடு போட்டுக் குழப்பாதீர்கள் என்பதுதான் செஞ்சையா சொன்னதன் சாரம். ரசீதை நினைத்துக்கொண்டு கேட்டால் அது எவ்வளவு இனிமையான பேச்சு!

அதே காலத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எங்கள் ஊர்க்காரர். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், கிராமத்துக் குருவானவரின் மகன். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றவர். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அந்தச் சங்கத்தின் உறுதி. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போனார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் மக்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார் அவர்.

மனசுக்குள் இயேசுவை வைத்துக்கொண்டு அவரவர் சமூகத்திலேயே இருந்தால் போதாதா என்று காந்தி முதல் பலர் அன்று கேட்டார்கள். அசரியா ஒத்துக்கொள்ளவில்லை. சபை இல்லாத சுவிசேஷம் அவருக்குப் பாதிச் சுவிசேஷம். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு அது புரிகிறது. செஞ்சையா புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி. சக்கரை வழக்கறிஞர், பின்னால் சென்னை மேயரும் ஆனவர். சபை இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெருவில் ஒரு இடம் இருந்தது. உட்கார நாற்காலி, பேச நண்பர்கள், செத்தால் தூக்க ஆட்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத ஒரு மாதிகாப் பெண்ணிடம் 'மனசுக்குள் விசுவாசி, இருக்கிற இடத்திலேயே இரு' என்று சொன்னால், அவள் இருக்கிற இடம் எது? சேரிதானே. அவள் பக்கத்தில் வந்து ஒருவர் உட்கார வேண்டும், ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட வேண்டும். அதைத் தனி ஜெபம் செய்து தராது.

நான் இதைச் சொல்லும்போது வடக்கன்குளத்தை மறந்துவிடவில்லை. வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே உட்கார நடுவில் சுவர் வைத்து, ரெண்டு கால் போலக் கட்டின கத்தோலிக்கக் கோயில் அது. பீடத்தில் மட்டும் சந்திக்கும். சுவரை இடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடித்த பிறகு வழக்கும் நடந்தது. எங்கள் சீர்திருத்தச் சபைகளில் செங்கல் சுவர் இல்லை, அவ்வளவுதான். எந்தத் தெருவுக்கு எந்தப் பெஞ்சு, எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கமிட்டிப் பதவி என்பது எல்லோருக்கும் தெரியும். அசரியா நம்பிய சபையும் எங்கள் கையில் நாலு ரசீது கொடுத்த சபையும் ஒன்றுதான். இதைப் பிரித்து, நல்லது 'உண்மையான சபை', கெட்டது 'மனுஷர் செய்தது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போக எனக்கு மனசு வரவில்லை.

என்னை முதலில் அசைத்தது ஒரு சொல். கொரோனா ஊரடங்கில் கோயில்களெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர். ஐந்து வருஷமாகத் தனியே இருந்த எனக்கு, அன்றைக்கு எல்லோருமே என்னைப் போல ஆகிவிட்டார்கள் என்று தோன்றியது. சந்தோஷமாக இருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கம்போல மத்தேயு 6-ஐத் திறந்தேன். ஆறாம் வசனம் கதவைப் பூட்டு என்கிறது. ஒன்பதாம் வசனத்தில், அந்தப் பூட்டின அறைக்குள் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுக்கிறார்: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே."

எங்கள்.

ஆயிரக்கணக்கான தடவை சொன்ன சொல். தமிழில் இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். 'நம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'எங்கள்' என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு, என்னோடு நிற்கிற மற்றவர்கள். பிதாவிடம் பேசும்போது 'எங்கள்' என்கிறேன். அப்படியென்றால் பூட்டின அறையில் என்னோடு நிற்கிற அந்த மற்றவர்கள் யார்? எங்கள் அப்பம், எங்கள் கடன்கள், எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல். ஜெபம் முழுவதிலும் 'என்' என்ற சொல்லே இல்லை. 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று வந்தபோது, ஸ்கேலை வைத்து ரசீது கிழித்த அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரும் அந்த 'எங்கள்' ஆட்களில் ஒருவர். அவரை வெளியே தள்ளிவிட்டு இந்த ஜெபத்தை முடிக்க முடியவில்லை. அன்றைக்குப் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

அதனால் உடனே திரும்பிப் போனேன் என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகும் ரெண்டு வருஷம் ஆனது.

2022 பிப்ரவரியில் அம்மா போனாள். எண்பத்தொரு வயசு, ராத்திரி படுத்தவள் காலையில் எழவில்லை. நாங்கள் ஊருக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் பந்தல் போட்டு, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, வருகிறவர்களுக்குக் காபி கலந்து, எல்லாம் நடந்திருந்தது. வெட்டினவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, சபைப் பையன்கள். அம்மாவைக் குளிப்பாட்டினது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் உபதேசியார் மனைவியும். எனக்கு ஜெபம் வரவில்லை. ஆறு வருஷம் நாலரை மணிக்கு எழுந்து பழகின ஜெபம், வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை கூட வாயில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கீர்த்தனையை அவர்கள் பாடினார்கள். விசுவாசப் பிரமாணத்தை அவர்கள் சொன்னார்கள். 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்' என்று நூறு தொண்டை சேர்ந்து சொன்னது. என் தொண்டை சொல்லவில்லை. அன்றைக்கு என் விசுவாசத்தையும் சேர்த்து அவர்கள்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சமையலறையை ஒதுங்க வைத்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் அதே மண்பானை. உள்ளே ரெண்டு ஆழாக்குக்குக் கொஞ்சம் கூட அரிசி, மேலே ஒரு காய்ந்த வேப்பிலை. வண்டு வராமலிருக்கப் போட்டிருக்கிறாள். சாகிறதுக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் எடுத்து வைத்தது. தனியாகத்தான் பொங்கித் தின்றாள். ஒரு ஆளுக்கு ஆக்குகிற அரிசியே ஒன்றரைப் பிடி. அதில் ஒரு பிடி அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வேறு யார் கையில் கொடுத்தும் அனுப்ப மனசில்லை. சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்னைவிட இளையவள், யார் வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. பானையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். சாக்கின் வாயை ரெண்டு கையாலும் அகல விரித்தாள். கொட்டினேன். அம்மாவின் அரிசி எது என்று ஒரு நொடி வரைக்கும் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

சென்னை திரும்பின பிறகு சித்தியைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷமும் நான் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அந்தச் சபைக்கு எப்படிச் சித்தி இன்னும் போகிறாய்? அவளுக்காகக் கோபப்பட்டுத்தான் நான் வெளியே வந்தேன். அவளோ ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க சித்தப்பா அந்தப் பெஞ்சுல இருவத்தாறு வருஷம் உக்காந்தாவ. அவிய எடம். அத நான் எதுக்கு விடணும்?" கொஞ்சம் கழித்து, "நீ வராம இருந்ததுதான் எனக்கு அதவிட வெசனம்" என்றாள்.

எனக்கு அப்போது முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. காயப்பட்டவளைத் தனியே அந்தப் பெஞ்சில் உட்கார விட்டுவிட்டு, அவள் பெயரைச் சொல்லி நான் ஆறு வருஷம் சபை மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரத்திலிருந்து போகிறேன். முதல் நாள் திருவிருந்து ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஐயர் பீடத்திலிருந்து சமாதானத்தைக் கொடுப்பார், அது கைக்குக் கை மாறி வரிசை வரிசையாகப் பின்னால் வரும். ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு சேர்த்து, இடது கையால் ஒருவர் கையை ஒருவர் பொத்திக்கொள்ள வேண்டும். யூடியூபில் ஆராதனை பார்த்த நாட்களில் இந்த இடம் வரும்போது நான் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது முன்வரிசையிலிருந்து வந்தது. சித்தி வாங்கி என் பக்கம் திரும்பினாள். உளுந்து புடைத்த, காப்புக் காய்த்த கை.

தகர டப்பா இப்போது நிறைகிறது, காலியாகிறது. சென்னைச் சபையில் பிடி அரிசி வழக்கம் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டு, பின்வாசல் பக்கம் ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். முதல் மாதம் அரைச் சாக்கு கூட வரவில்லை. இப்போது வருகிறது.

சந்தாவையும் கட்டிவிட்டேன். கட்டினால்தான் பொதுக்கூட்டத்தில் பேச உரிமை. கடந்த வருஷக் கூட்டத்தில், வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து, அடக்கத்துக்கு முன்னால் எந்தக் குடும்பத்திடமும் சந்தா பாக்கி கேட்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருவதாகச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர், "ரூல் அப்படி இருக்கும்மா, நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது" என்றார். இன்னொருவர், பாக்கி கேட்காவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள் என்றார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோயில் கரண்ட் பில்லுக்கும் காசு வேண்டும். ஐயர் எல்லோரையும் பார்த்து, வழிமொழிகிறவர்கள் உண்டா என்று கேட்டார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சித்தி எழுந்து நின்றாள்.

குறிப்பு எழுதுகிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் குடும்ப அட்டை நம்பர் கேட்டார். அட்டையைச் சித்தி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மனப்பாடமாகச் சொன்னாள்.